மடியறுத்துப் பால் குடியோம்

(கடற்கரையூர் ஒன்றில் நடைபெற்ற தமிழ் மன்றக் கூட்டத்தில், பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மொழிகாப்பைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தீர்கள். மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன். ஆனால், இன்று நான் பல சொற்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகின்றேன். அச்சொல் உங்கள் வாயில் நாள்தோறும் வழங்கும் சொல். அது 'மடி' என்பது.

தாய் தன் பிள்ளையைக் கிடத்தும் இடம் மடி. ஆவின் பால் சுரக்கும் உறுப்பு மடி. பொருளை முடிந்து வைக்கும் ஆடை மடிப்பும் மடி. சோம்பலுக்கும் மடி என்று பெயர். வள்ளுவப் பெருந்தகை அதற்கென்றே 'மடியின்மை' என ஓர் அதிகாரம் வகுத்தார். மடிதல் என்றால் சாதல். நெய்தல் நிலத்து மக்களாகிய நீங்களோ, மீனை வாரிச் சேர்க்கும் பைவலைக்கு மடி என்று பெயர் வைத்தீர்கள். கரைமடி என்பது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை. தாய்மடி போலவும் ஆன்மடி போலவும் நிறைந்து வருவதனால் அப்பெயர் அதற்குப் பொருந்திற்று.

இன்றோ 'இழுவை மடி' என்று ஒன்று வந்துள்ளது. 'டிராலர்' என்னும் வேற்றுச் சொல்லால் பலரும் அழைக்கும் விசைப்படகு, கடலின் அடித்தரையோடு தரையாக இழுத்துச் செல்லும் வலை அது. இந்த மடி எந்த மடி? தாய்மடியா, பால்மடியா, சாதல் என்னும் பொருளில் வரும் மடியா? இதுவே என் பேச்சின் பொருள். கேட்பதற்குச் சற்றுக் கசப்பாகவும் இருக்கலாம். ஆயினும் நம் மன்றத்தில் நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, பத்தாம் வகுப்பில் நெய்தல் திணையை நடத்திக் கொண்டிருந்தேன். "கடலுக்கு அடியில் என்னென்ன இருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டேன். முத்து என்றான் ஒருவன். சங்கு என்றான் மற்றொருவன். விசைப்படகில் வேலை செய்யும் ஒருவரின் மகன் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பா மடியைக் கொட்டும்போது பாதிக்கு மேல் சங்காயந்தான் இருக்கும்" என்றான். இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தும் அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவனையே கேட்டுத் தெரிந்து கொண்டேன். விற்க முடியாத பொடிமீன், குஞ்சு நண்டு, கடற்குதிரை, முதிராச் சங்கு, பிய்ந்து வந்த கடற்புல், எல்லாம் கலந்து கிடக்கும் குவியலுக்குப் பெயர் சங்காயம். அதை உலர்த்திக் கோழித் தீனிக்கும் மீன்மாவுக்கும் விற்கின்றார்கள். "அவை வளர்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "வளர்ந்தால் மீன் ஆகும் ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் நானும் கற்கத் தொடங்கினேன். படகுத்துறையில் நின்று கேட்டும் நூல்களில் தேடியும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றேன். தவறிருந்தால் கடலறிந்த நீங்கள் திருத்துங்கள்.

இழுவை மடியின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். உள்நாட்டிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்காகச் சொல்கின்றேன். வலையின் வாயை விரித்துப் பிடிக்க இருபுறமும் எடை மிகுந்த இரண்டு பலகைகள். வாயின் கீழ்விளிம்பில் ஈயமோ இரும்புச் சங்கிலியோ கோத்த கயிறு. கடைசியில் மீன் சேரும் பை. படகு இழுக்கும்போது பலகைகள் கடலடியைக் கலப்பை போலக் கீறிச் செல்கின்றன. சங்கிலி, தரையில் நிற்கும் அனைத்தையும் சாய்த்துக் கொண்டு போகின்றது. கிளம்பும் சேறு புகைபோல் எழுந்து பரவி, ஒளியை மறைத்துப் பக்கத்திலுள்ள புல்லின் மேலும் பாரின் மேலும் படிகின்றது. வேரோடு பிழைத்த புல்லும் வெயில் கிடைக்காமல் அழுகுகின்றது.

நிலத்தில் உழுதால் பயிர் விளையும். கடலை உழுதால் என்ன கேடு என்று கேட்பாரும் உளர். உழவன் உழுதபின் விதைக்கின்றான். கடலில் உழுதவர் எவர் விதைத்தார்? காட்டை வேரோடு சாய்த்து அங்கிருந்த மான்களைப் பிடித்துவிட்டு, மறுவாரம் மீண்டும் மான் தேடிப் போவதற்கே இது ஒப்பாகும்.

இந்த முறையீடு நேற்றுப் பிறந்ததன்று. 1376-ஆம் ஆண்டிலேயே, மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில், அடித்தரையை வாரும் ஒருவகை இழுவலையின் மேல் குற்றம் சாட்டி முறையீடு வைத்தார்கள். கண்கள் மிகச் சிறியனவாகையால் அவ்வலை எந்தச் சிறுமீனையும் தப்ப விடுவதில்லை. கடலடியில் வளர்வனவற்றையும் சிப்பிகளையும் அழிக்கின்றது. பிடிபட்ட சிறுமீன்களைப் பன்றிக்குப் போடுகின்றார்கள் என்பது அம்முறையீட்டின் சாரம். ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்கே பன்றிக்குப் போட்டார்கள். இங்கே கோழிக்குப் போடுகின்றோம். வேறுபாடு அவ்வளவே.

நம் பக்கத்துக்கு இது எப்படி வந்தது? விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், மீன்வளத்தைப் பெருக்கும் நோக்குடன் 1952-இல் நார்வே நாட்டோடும் ஒன்றிய நாடுகள் அவையோடும் இந்திய அரசு ஓர் உடன்படிக்கை செய்து கொண்டது. கேரளக் கரையில் நீண்டகரைப் பகுதியில் பணி தொடங்கிற்று. மீனவன் வறுமை நீங்க விசைப்படகு தருவோம் என்பதே முதல் எண்ணம். அது நல்லெண்ணந்தான். ஆனால், வெளிநாட்டுத் தட்டுகளில் இறாலுக்குப் பொன்விலை கிடைக்கத் தொடங்கியதும் போக்கு மாறிற்று. மீனவன் உணவு பின்னே போயிற்று. ஏற்றுமதி முன்னே வந்தது. இறால் தரையோடு வாழ்வது. ஆகவே தரையைச் சுரண்டும் வலை வேண்டியதாயிற்று. அரசே கடனும் உதவித்தொகையும் கொடுத்து இழுவைப் படகுகளைப் பெருக்கியது. இன்று அந்தப் படகுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அரசுகள், அவற்றைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டியவை தாமே என்பதை மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே கடலிலும் கரையிலும் மோதல்கள் நிகழ்ந்தன. வலை அறுபட்டது, குருதி சிந்திற்று. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடற்கல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரை, நாட்டுப்படகுகளுக்கே உரியது என்று வரையறுத்தார்கள். பாக்கு நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்றும் முறை வகுத்தார்கள். இரட்டைமடிக்குத் தடை விதித்தார்கள். 2001 முதல் ஆண்டுதோறும் மீன் இனம் பெருகும் காலத்தில் விசைப்படகுக்கு 45 நாள் தடை வந்தது; 2017-இல் அது 61 நாள் ஆயிற்று. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கரையில் படகுகள் கட்டிக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள்.

சட்டம் இருக்கின்றது, கடல் ஏன் தேறவில்லை? இதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றேன். 2017-இல், உலகின் பல கடல்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அறிவியலார் சிலர் ஒரு முடிவை வெளியிட்டனர். பலகை கட்டிய இழுவலை ஒருமுறை கடந்து சென்றால், கடலடி உயிர்ப்பொருளில் ஏறத்தாழ 6 விழுக்காடு அழிகின்றது என்பது அது. "ஆறு விழுக்காடுதானா!" என்று தோன்றும். ஆனால், ஒரே இடத்தில் பத்துமுறை கடந்தால்? நூறு தொண்ணூற்று நான்காகும். அதில் ஆறு விழுக்காடு போகும். எஞ்சியதில் மீண்டும் போகும். பத்தாவது இழுப்பில் ஏறத்தாழப் பாதிதான் எஞ்சும். இருபதாவது இழுப்பில் மூன்றில் ஒரு பங்கும் இராது. குறுகிய கடலில் ஆயிரக்கணக்கான படகுகள் வாரம் மும்முறை இழுத்தால் ஒரே தடத்தில் எத்தனை முறை விழும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே ஆய்வு ஓர் ஆறுதலையும் சொல்கின்றது. இழுவை நின்றுவிட்டால் கடலடி பெரும்பாலும் மீள்கின்றது. அதற்கு ஏறத்தாழ 2 முதல் 6 ஆண்டுகள் வரை வேண்டும். பவளப்பாருக்கும் கடற்பஞ்சுக்கும் இன்னும் நெடுங்காலம் வேண்டும். இப்போது 61 நாளை இதனோடு வைத்துப் பாருங்கள். அந்த 61 நாள், மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க உதவும்; அது வேண்டுவதே. ஆனால், இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட 61 நாள் போதாது. பிள்ளைப்பேற்றுக்கு விடுப்புக் கொடுத்தோம்; பிள்ளை வளர்வதற்குக் குடிசையை விட்டுவைத்தோம் அல்லேம். நம் ஒழுங்குமுறையின் குறை இங்கேதான் உள்ளது. நாம் மீனைக் கணக்கிட்டோம். மீன் வாழும் தரையைக் கணக்கிடவில்லை.

ஆங்கிலேய ஆளுநன் ஒருவன் பெயரை இன்றும் சுமந்து கிடக்கும் பாக்கு நீரிணையை எடுத்துக் கொள்ளுங்கள். அது ஆழ்கடலன்று. பெரும்பகுதியில் ஐந்து பாகம், ஆறு பாகம் ஆழமே. வெயில் அடிவரை புகுவதனால் அங்கே கடற்புல் வெளிகள் விரிந்து கிடக்கின்றன. இறாற்குஞ்சும் நண்டுக்குஞ்சும் அந்தப் புல்லில்தான் ஒளிந்து வளர்கின்றன. ஆவுளியா என்று நீங்கள் அழைக்கும் கடற்பசு அப்புல்லையே மேய்கின்றது. அதைக் காக்கவே 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. நல்ல செயல். ஆனால், அறிவிப்புப் பலகையைக் கடலுக்குள் நட முடியாது. மேய்ச்சல் நிலத்தை உழுதுவிட்டுப் பசுவைக் காப்போம் என்பது வாய்ச்சொல்லே ஆகும்.

இனி, இப்பேச்சின் கடினமான பகுதிக்கு வருகின்றேன். நம்மில் பலர் இதைக் கேட்க விரும்பமாட்டீர்கள்.

பாக்கு நீரிணைக்கு இரண்டு கரைகள். இந்தக் கரையிலும் தமிழன். அந்தக் கரையிலும் தமிழன். இராமேசுவரத்திலும் கோடியக்கரையிலும் இருப்பவன் எவனோ, அவனே பேசாலையிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றான். 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் மீனவனைக் கேளாமல் கடலில் கோடு கிழித்தன. 1983-க்குப்பின் போர் மூண்டது. ஈழத்து மீனவன் கடலுக்குச் செல்லத் தடைகள் வந்தன. அவன் படகு கரையிலேயே உளுத்துப் போயிற்று. அவன் கடல் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில் நம் இழுவைப் படகுகள் சென்று மீன் வாரின. உயிருக்கு இடரிருந்தும் சென்றன. சிங்களக் கடற்படை சுட்டது. நம் உடன்பிறப்புகள் பலர் மாண்டனர். அக்கொடுமையை நாம் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டோம். வலை விரித்ததற்குத் தண்டனை குண்டு என்று உலகின் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால், 2009-ஆம் ஆண்டு மே திங்களில் போர் முடிந்தது. எல்லாவற்றையும் இழந்த ஈழத்து மீனவன், கடன்பட்டு ஒரு சிறு படகும் செவுள்வலையும் வாங்கி மீண்டும் கடலில் இறங்கினான். இரவில் வலையை விரித்துவிட்டுக் காத்திருந்தான். விடியலில் வலை இல்லை. அதை அறுத்துச் சென்றது எது? நம் இழுவை மடி. அறுத்தவன் சிங்களன் அல்லன், தமிழன். போர் விட்டுவைத்ததை நாம் வாரிக் கொண்டு வந்தோம்.

"ஐயா, இப்படிப் பேசினால் சிங்கள அரசுக்கு வாய்ப்பாகிவிடாதா?" என்று தோழர் ஒருவர் இக்கூட்டத்துக்கு முன்பே என்னைக் கேட்டார். நேர்மையான வினா. அதற்கு விடை சொல்கின்றேன். 2017-ஆம் ஆண்டு சூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியை முற்றாகத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதற்கான முன்வடிவைக் கொண்டு வந்தவர் யார்? யாழ்ப்பாண மாவட்டத் தமிழ் உறுப்பினராக அப்போதிருந்த சுமந்திரன். கேட்டவர்கள் யார்? வடபுலத்துத் தமிழ் மீனவர்கள். அந்தச் சட்டம் அவர்கள் கரையிலிருந்த சில இழுவைப் படகுகளுக்கும் சேர்த்தே தடை விதித்தது. தமிழன் தன் கடலைக் காக்கக் கேட்ட சட்டத்தைச் சிங்களச் சட்டம் என்று நாம் தள்ளினால், தமிழினம் ஒன்று என்று மேடையில் முழங்குவதற்கு என்ன பொருள்? சிங்கள அரசுக்கு வாய்ப்பாவது என் பேச்சன்று. இருகரைத் தமிழரும் பகைத்து நிற்பதே அதற்கு வாய்ப்பு. அந்தப் பகையை நாள்தோறும் வளர்ப்பது இழுவை மடி.

இன்னொன்றும் சொல்வேன். கச்சத்தீவை மீட்போம் என்கின்றோம். அது நம் உரிமை பற்றிய கேள்வி. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால், நாளையே கச்சத்தீவு நம் கைக்கு வந்தாலும், அதைச் சுற்றியுள்ள கடலடியை வாரம் மும்முறை உழுதால் அங்கே மீன் எத்தனை நாளைக்கு இருக்கும்? உரிமை மீட்ட கடலில் சேறு மட்டுமே இருந்தால் உண்பது எதை?

இதனால், விசைப்படகில் செல்லும் தொழிலாளியை நான் குற்றவாளி என்று சொல்வதாக எவரும் கருத வேண்டா. அவன் படகு அவனுடையதன்று. பங்குக்கோ கூலிக்கோ செல்கின்றான். பிடிபட்டால் சிறை அவனுக்கு. படகை இழந்தால் கடன் உரிமையாளனுக்கு. ஏற்றுமதி ஊதியமோ கடலையே பார்த்திராதவர்க்கு. நம் பக்கத்தில் கரையோர 3 கடற்கல்லை விட்டால், எல்லைக்கோட்டுக்குள் எஞ்சும் கடல் குறுகியது. அதில் மீனும் குறைந்துவிட்டது. கடனோ குறையவில்லை. எரிநெய் விலையும் குறையவில்லை. அவன் எங்கே போவான்? கோட்டைத் தாண்டுவது பேராசையால் மட்டுமன்று. கடன் பின்னிருந்து தள்ளுவதனாலுந்தான்.

ஆகவே, "இழுவை மடியை ஒழி" என்று கூவிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. ஒழிக்கும் வழியைச் சொல்வதே கடமை.

பேச்சுகள் நடக்காமலில்லை. 2010-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இருகரை மீனவர் சார்பாளர்களும் நேரிற் பேசி, ஓராண்டுக்குள் அக்கரைக் கடலில் இழுவையை நிறுத்துவது என்று உடன்பட்டார்கள். அரசுகள் துணை நிற்கவில்லை; உடன்பாடு ஏட்டளவில் நின்றது. 2016-ஆம் ஆண்டு நவம்பரில் புதுத்தில்லியில் இரண்டு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன. இழுவை மடி முறையை விரைந்து முடிவுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2017-ஆம் ஆண்டு சூலையில், மூன்றாண்டுகளில் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கப் பெற்றது. ஒரு படகுக்கு 80 இலக்க உருபா. அதில் பாதி நடுவண் அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு, இன்னோர் ஐந்தில் ஒரு பங்கு வங்கிக் கடன், பத்தில் ஒரு பங்கு மீனவர் பொறுப்பு.

கணக்கு ஏட்டில் அழகாக இருந்தது. ஆனால், படகுகள் இலக்கின் அருகிற்கூட வரவில்லை. ஏன்? எட்டு இலக்கம் கையிலிருந்து போட்டு, பதினாறு இலக்கம் கடனும் ஏற்க எத்தனை பேரால் முடியும்? ஓரிரவு சென்று மறுநாள் திரும்பிப் பழகியவன், பல நாள் கடலில் தங்கிச் சூரை மீனுக்குத் தூண்டிற்கயிறு விடும் தொழிலை யாரிடம் கற்பான்? பாக்கு நீரிணையில் ஆழ்கடலே இல்லையே, எந்தத் துறையிலிருந்து புறப்படுவான்? இவற்றுக்கு விடை காணாமல் படகை மட்டும் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனுக்குக் கடலைப் பட்டா எழுதிக் கொடுப்பது போன்றது.

பிறர் செய்ததைப் பார்ப்போம். இந்தோனேசியாவில் சிறுமீனவர்க்கும் இழுவைப் படகுகளுக்கும் மோதல் முற்றியபோது, 1980-இலேயே ஆட்சித்தலைவர் ஆணையால் சாவா, சுமத்திராக் கடல்களில் இழுவைக்குத் தடை விதித்தார்கள். ஆங்காங்கில் 2012-ஆம் ஆண்டின் இறுதிநாள் முதல் தன் கடலெல்லைக்குள் இழுவையை முற்றாகத் தடுத்தார்கள். தடுத்ததோடு நில்லாமல், படகுகளை அரசு விலைக்கு வாங்கிக் கொண்டது. உரிமையாளர்க்கு இழப்பீடும், உள்ளூர்ப் படகுத் தொழிலாளர்க்கு உதவித்தொகையும் தந்தது. அதன்பின் அங்கே கடலடி உயிர்கள் மீண்டு வருவதை ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். அண்டை மாநிலமான கேரளம் 1988-இல் மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டு வந்தபோது, அதற்கு முன்னின்று போராடியவர்கள் சிறுபடகு மீனவர்களே. கரையிலுள்ளவன் கேட்டால்தான் கோட்டையிலுள்ளவன் செவிசாய்ப்பான்.

நாம் கேட்க வேண்டியவை எவை? ஐந்து சொல்கின்றேன்.

ஒன்று: பார் இருக்கும் இடம், கடற்புல் வெளி, குஞ்சு வளரும் இடம் ஆகியவற்றை மீனவரே அடையாளங்காட்டி வரைபடமாக்க வேண்டும். அங்கே இழுவை மடி எந்நாளும் செல்லலாகாது. மாலையில் விட்டு மறுநாள் பிடிப்பதனால் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் விட வேண்டும். செயற்கைப் பார்களை அவ்விடங்களின் ஓரத்தில் இறக்கினால் மீனுக்கு வீடும் ஆகும். இழுவைக்கு வேலியும் ஆகும்.

இரண்டு: இழுவை முற்றாக நீங்கும் வரை, வலையைத் திருத்த வேண்டும். சாய்சதுரக் கண் இழுக்கும்போது இறுகி மூடிக் கொள்கின்றது. நேர்சதுரக் கண் திறந்தே நிற்கின்றது. மடியின் கடைசிப் பையில் 40 மில்லிமீட்டர் நேர்சதுரக் கண் வைத்தால் குஞ்சுமீன் தப்பும். ஆமை தப்பும் வழியும் வைக்க வேண்டும். அதை வைக்காத குறைக்காகவே 2019-இல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தது. ஆனால், ஒன்றை மறவாதீர்கள்: கண்ணைப் பெரிதாக்கினால் மீன் பிழைக்கும், தரை பிழைக்காது. இது இடைக்கால மருந்தேயன்றித் தீர்வன்று.

மூன்று: புதிய இழுவைப் படகு ஒன்றுகூடக் கட்டலாகாது, இருப்பவற்றில் பொறியின் ஆற்றலைக் கூட்டலாகாது. பழம்படகை நயமான விலைக்கு அரசே வாங்கி உடைத்துவிட வேண்டும். வாங்கிய படகு வேறு துறையில் வேறு பெயரில் மீண்டும் மிதக்கலாகாது.

நான்கு: இழப்பீடு உரிமையாளர்க்கு மட்டும் போதாது. கூலிக்குச் சென்றவனுக்கும், இறால் உரித்தும் கருவாடு காயவைத்தும் வாழும் தாய்மாருக்கும் மாற்றுத் தொழில் கிடைக்கும் வரை வாழ்வூதியம் வேண்டும். அவர்களை விட்டுவிட்டுச் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் ஏழையின் மேல் ஏறி நடக்கும் சீர்திருத்தமே.

ஐந்து: இருகரை மீனவரும் சேர்ந்த கடற்காவற் குழு ஒன்று வேண்டும். வலை எது, நாள் எது, எல்லை எது என்பதை அவர்கள் பேசி முடிக்கட்டும். அரசுகள் அதற்குக் கைச்சாத்திடட்டும். இழுவை மடி நின்றால், நாட்டுப்படகில் தூண்டிலோடும் செவுள்வலையோடும் வரும் நம் மீனவனை அக்கரை மீனவன் உறவாகவே பார்ப்பான். தன் கடலைக் காத்துத் தந்தவனிடம் பங்கு மறுக்கும் அளவுக்குத் தமிழன் மனம் சிறியதன்று.

இவை நமக்குப் புதியன அல்ல. பட்டினப்பாலை படித்தவர்கள் அறிவீர்கள்: காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லவில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்தனர். கடலுக்கு ஓய்வு கொடுப்பது நம் மரபு. அன்று நட்ட கொம்பு வேளா மீனின் கொம்பு என்று கருதுவோர் உளர். அந்த வேளா இன்று உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. பல்லுடைய அதன் வாட்கொம்பு வலையில் சிக்கினால் மீள வழியில்லை. முன்னோர் வழிபட்ட மீனை நாம் சங்காயத்தோடு சேர்த்துவிட்டோம்.

முத்துக்குளிப்பிலும் இம்முறையே இருந்தது. பாரில் இறங்கிச் சிப்பியை எடுத்துப் பார்த்து, முதிர்ந்திருந்தாலன்றிக் குளிப்புக்கு இசைவு கொடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பாரை விட்டுவைத்தார்கள். சங்கு குளித்தவர்களும் குறித்த அளவுக்குச் சிறிய சங்கைத் திரும்பக் கடலிலேயே விட்டார்கள். அளவறிந்து எடுப்பது, முதிரும் வரை காத்திருப்பது, எடுத்தபின் ஓய்வு கொடுப்பது என்னும் மூன்றையும் நமக்கு எந்த வெளிநாட்டு வல்லுநரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

தமிழ்த் தோழர்களே! ஒரு மொழி நூலில் மட்டும் வாழ்வதில்லை. பார் என்னும் சொல் பார் இருக்கும் வரை வாழும். ஆவுளியா என்னும் சொல் ஆவுளியா மேயும் வரை வாழும். இவ்வூரில் ஒரு கிழவர் காற்றைக் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று பிரித்துச் சொல்வார்; நீரின் நிறம் பார்த்தே அடியில் சேறா, மணலா, பாரா என்று சொல்லிவிடுவார். எந்த அகரமுதலியும் அவர் வாயிலிருப்பதை முழுதும் தொகுத்ததில்லை. அவர் பேரனுக்கோ விசைப்படகின் பொறியொலி மட்டுமே தெரியும். தரை எல்லாம் ஒன்றாகிவிட்டால் அதைப் பிரித்தறியும் சொற்கள் எதற்கு? வேற்றுச் சொல் கலந்தால் துடிக்கின்றோம், துடிக்க வேண்டியதுதான். ஆனால், சொல்லின் பொருளே கடலடியில் அழியும்போது வாளாவிருந்தால், நாம் காப்பது உயிரற்ற கூட்டை மட்டுமே.

பேச்சைத் தொடங்கிய சொல்லிலேயே முடிக்கின்றேன். கன்று பசித்தால் மடியை முட்டும்; முட்டினால் பால் சுரக்கும். எந்தக் கன்றும் மடியைக் கடித்து அறுப்பதில்லை. கடல் நமக்குப் பால் தரும் மடி. நம் மக்களுக்கு மட்டுமன்று, அக்கரையில் நம் உடன்பிறந்தான் பெற்ற மக்களுக்கும் அதுவே மடி. அதை அறுத்துப் பால் குடியோம் என்று இக்கூட்டத்தில் உறுதி கூறுவோம். கூறுவதோடு நில்லாமல், வரும் தடைக்காலம் முடியுமுன் இவ்வூர் விசைப்படகு உரிமையாளர், படகுத் தொழிலாளர், நாட்டுப்படகு மீனவர், மீன் விற்கும் தாய்மார் ஆகிய நால்வரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசுவோம். முதற் பேச்சுக்குப் பள்ளித் தாழ்வாரத்தைப் பெற்றுத் தரும் பொறுப்பு என்னுடையது. பாய் கொண்டு வருவது உங்களுடையது.

வாழ்க தமிழ்! வாழ்க இருகரைத் தமிழரும்!